இணையத்தளமா, தரகரா? தொழில் தேடும் நம் இளையோர் சார்பில் சில சிந்தனைகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வேலைத்தலங்கள் இல்லாமல் இல்லை. சீனக்குடாப் பக்கம் பிரிமா மாவு ஆலை இருக்கிறது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை நினைவூட்டும் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை உல்லாச விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணெய்க் குதங்களை நடுவாக வைத்து ஓர் எரிசக்தி மையம் அமைக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஏப்ரலில் உடன்பாடு செய்தன. சம்பூர் சூரிய மின்னிலையத்தின் ஆரம்ப விழாவும் அதே நாட்களில் நடந்தது. ஆயினும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் உயர்தரம் படித்து முடித்த பிள்ளைகள், கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு கட்டார், டுபாய், மாலைதீவு என்று தேடிக்கொண்டிருக்கின்றனர்.

இணையத்தில் வேலை தேடுவது இன்று கொழும்பில் படித்தவர்களின் வழக்கம் மட்டுமன்று. மீன்பிடிக் கிராமத்திலும் தொலைபேசி இருக்கிறது. எனவே, “எந்தத் தளம் நல்லது?” என்ற கேள்வி கிராமத்து இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அதற்கு விடை கூறுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நமது மாவட்டத்தைப் பொறுத்தவரை இத்தளங்கள் ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. அவை யாவும் சேர்ந்து ஒரே ஆளோடு போட்டியிடுகின்றன. அவர்தான் வீட்டு வாசலுக்கு வந்து தமிழில் பேசும் தரகர். அந்தப் போட்டியில் பல கிராமங்களில் இன்றும் அவரே வெல்கிறார். அவர் ஏன் வெல்கிறார் என்பதை விளங்கிக்கொண்டால்தான் தளங்களைச் சரியாக எடைபோட முடியும்.

கடை யாருடையது?

அமெரிக்காவில் 1994 இல் ‘மொன்ஸ்டர்’ என்ற வேலைத்தளம் தொடங்கியது. இந்தியாவில் 1997 இல் ‘நௌக்ரி’ வந்தது. இலங்கையில் ‘டொப்ஜொப்ஸ்’ பெயர்பெற்றது. இவை அனைத்தினதும் வியாபார முறை ஏறக்குறைய ஒன்றே. ஆள் தேடும் நிறுவனம் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கிறது. வேலை தேடுபவர் இலவசமாகப் பார்க்கிறார். சில தளங்கள், தம்மிடம் சேர்ந்த சுயவிபரக் கோவைகளைத் தேடிப் பார்க்கும் உரிமையையும் நிறுவனங்களுக்கு விற்கின்றன. ஆக, கடையின் வாடிக்கையாளர் நிறுவனமே. வேலை தேடுவோர் அங்கே வாங்க வந்தவர்கள் அல்லர். தட்டில் அடுக்கி வைக்கப்பட்டவர்கள்.

இதை ஒரு குற்றமாக நான் கூறவில்லை. தொழிலாளியிடம் பணம் வாங்குவதைவிட நிறுவனத்திடம் வாங்குவதே நேர்மை. சர்வதேச தொழில் நிறுவனம் 1997 இல் நிறைவேற்றிய 181 ஆம் இலக்கச் சமவாயமும், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடக் கூடாது என்பதையே பொது விதியாக வைக்கிறது. ஆனால் கடை நிறுவனத்தினுடையது என்பதால் வரும் விளைவுகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பணம் கொடுப்பவர் எங்கே இருக்கிறாரோ வேலையும் அங்கேதான் இருக்கும். தளங்களில் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இரண்டாவது, கடை என்றும் நிலைத்திராது. உலகமெங்கும் பேர்போன மொன்ஸ்டர், ‘கெரியர்பில்டர்’ என்ற இன்னொரு பெருந்தளத்தோடு இணைந்த பின்னரும், 2025 ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கடை கைமாறும்போது அங்கே கொடுத்துவைத்த பெயர், முகவரி, பிறந்த திகதி ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டியதே. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, தேவைக்கு மேல் ஒரு விபரமும் கொடாதிருப்பதே நம் கையிலுள்ள பாதுகாப்பு.

எது எவருக்கு உதவும்?

‘டொப்ஜொப்ஸ்’ தளத்தில் வேலைகள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், வங்கி, விற்பனை, விடுதி முகாமை என்று தேடலாம். விண்ணப்ப முடிவுத் திகதி தெளிவாக இருக்கும். பட்டதாரிக்கும், கணக்கியல் அல்லது கணினி டிப்ளோமா முடித்தவருக்கும், கொழும்பில் தங்கி வேலை செய்ய ஆயத்தமானவருக்கும் இது பயன் தரும். ‘எக்ஸ்பிரஸ் ஜொப்ஸ்’ போன்ற தளங்களும் இதே வகையின. ஆனால் இங்குள்ள பல விளம்பரங்கள் பத்திரிகை விளம்பரம் போல ஒரு படமாகவே போடப்படுகின்றன. எழுத்துக்குப் பதில் படம் இருந்தால் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினாலும் அது அகப்படாது. மொழிபெயர்க்கும் கருவிக்கும் எளிதில் பிடிபடாது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுவர்.

‘இக்மன்’ 2012 இல் வந்தது. சிங்களத்தில் அச்சொல்லுக்கு விரைவு என்று பொருள். காணியும் மோட்டார் சைக்கிளும் விற்கும் அதே இடத்தில் வேலையும் விற்கப்படுகிறது. மாவட்டத்தைத் தெரிந்து தேடலாம் என்பது இதன் பெரிய நன்மை. சாரதி, சமையலாளர், காசாளர், காவலாளி, கட்டட வேலையாள் போன்ற வேலைகளை இங்கே காணலாம். எவரும் எளிதில் விளம்பரம் போடலாம் என்பது இதன் பலம். அதுவே இதன் பலவீனமும்கூட. விளம்பரம் போட்டவர் யார், கடை எங்கே, பதிவுபெற்ற நிறுவனமா என்பதைத் தேடுபவரே விசாரிக்க வேண்டும்.

‘லிங்க்ட்இன்’ 2003 இல் தொடங்கி 2016 முதல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையில் இருப்பது. இது விளம்பரப் பலகை மட்டுமன்று, அறிமுகங்களின் சந்தை. பொறியியலாளர், கணக்காளர், அரச சார்பற்ற நிறுவன உத்தியோகத்தர் போன்றோருக்கு நல்லது. ஆனால் முன்பே அறிமுகம் உள்ளவருக்கே மேலும் அறிமுகம் சேரும். குடும்பத்திலே முதன்முதல் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு அங்கே கை கொடுக்க எவருமிரார். சில வசதிகளுக்குச் சந்தாவும் கேட்பார்கள். அச்சந்தாவைக் கட்டாமலே விண்ணப்பிக்கலாம்.

இவற்றோடு, பலர் தளமென்றே எண்ணாத ஒன்றும் உண்டு. அதுவே அரச வர்த்தமானி. 1802 முதல் வெளிவரும் இந்த ஏடு இன்று வெள்ளிதோறும் மும்மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் நம் நகரிலேயே இருப்பதால், மாகாணப் பொதுச்சேவை அறிவித்தல்களும் நமக்கு முக்கியமானவை. ஏனைய தளங்களோடு ஒப்பிட்டால் வர்த்தமானியில் பொய் விளம்பரம் இல்லை, தமிழ் உண்டு, தேவையான தகைமை, வயதெல்லை, சம்பள அளவுத்திட்டம் யாவும் எழுத்தில் உண்டு. குறை என்னவெனில் அது தாமதமானது. அதன் தமிழ் சட்டத்தின் தமிழாக இருப்பதால் வாசித்து விளங்க ஒருவர் துணை வேண்டும். அரச வேலைக்காகவே காத்திருந்து வயது கடந்துபோவதும் நம்மிடையே ஒரு நோயாகிவிட்டது. 2017 இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்ததை நாம் கண்டோம். வர்த்தமானியைப் பார்க்க வேண்டும். அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

வெளிநாடு செல்வோருக்கு உரிய முதல் தளம், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தினது. அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. வேறெந்தத் தளத்தில் வெளிநாட்டு வேலையைக் கண்டாலும், அதைக் கொண்டுபோய் இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளியேறினர். 2024 இலும் அத்தொகை 3 இலட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேர் போகும் பாதையில் யார் வழிகாட்டி என்பது சிறிய கேள்வியன்று.

மூதூர் கற்றுத்தந்த பாடம்

இக்கேள்விக்கு நம் மாவட்டம் கொடுத்த விலை உலகம் அறிந்தது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988 இல் பிறந்தவர். 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டபோது அவரது கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. பதினேழு வயதுச் சிறுமி, காகிதத்தில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணானார். சென்ற சில வாரங்களில் அவ்வீட்டுக் கைக்குழந்தை இறந்தது. பழி அவர்மீது விழுந்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்த வழக்கின் நியாய அநியாயங்களைப் பலர் எழுதிவிட்டனர். நான் இங்கே சொல்ல வருவது அதற்கு முந்திய ஒரு படியைப் பற்றி. அவரைப் போன்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ‘இப்படி ஒரு வேலை இருக்கிறது’ என்ற செய்தியைக் கொண்டுவருபவர் யார்? பத்திரிகை அன்று, அரச அலுவலகம் அன்று, பாடசாலையும் அன்று. உப முகவர் என்ற தரகரே அதைக் கொண்டுவருகிறார். அவர் தேடிப் போக வேண்டியவர் அல்லர், தானே வருவார். தாயோடும் தகப்பனோடும் அவர்களுடைய மொழியிலேயே பேசுவார். படிவத்தை அவரே நிரப்புவார்; புகைப்படம் எடுக்க அவரே அழைத்துப் போவார்; கொழும்புக்குப் போக பஸ் காசும் கொடுப்பார். வீட்டில் கடன் இருந்தால் முன்பணமும் தருவார். இத்தனையும் செய்யும் ஒருவரை ஏழை நம்பாமல் யாரை நம்புவார்? தகவல் இல்லாத இடத்தில் தகவலைக் கொண்டுவருபவரே அதிகாரி. பிறந்த ஆண்டை மாற்றும் துணிவு முகவர்களுக்கு வந்தது அந்த அதிகாரத்தினாலேயே.

தரகரின் புதிய முகம்

இன்று அதே தரகர் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் இருக்கிறார். ‘உடனடி வேலை, ஆங்கிலம் தேவையில்லை, தங்குமிடம் உணவு இலவசம்’ என்று தமிழில் எழுதுகிறார். கீழே ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இராது, அனுமதிப்பத்திர இலக்கமும் இராது. இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். குரல் பதிவிலே ‘தங்கச்சி’ என்றும் ‘தம்பி’ என்றும் அன்பாக அழைப்பார். கடவுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்வார். பிறகு பதிவுக் கட்டணம், மருத்துவக் கட்டணம், விசாக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும்.

இதன் முடிவு பணம் பறிபோவதோடு நிற்பதில்லை. 2023, 2024 ஆம் ஆண்டுகளில், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட இலங்கையர் பலர், மியன்மார் எல்லையிலுள்ள மியவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அரசாங்கங்களின் தலையீட்டினால் அவர்களிற் பலர் மீட்கப்பட்டனர். 2024 இல், நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சென்ற முன்னாள் இராணுவத்தினர் ரஷ்யா–உக்ரேன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி வந்தது. கணினி படித்தவரும் துப்பாக்கி பிடித்தவரும் ஏமாந்த இடத்தில் உயர்தரம் முடித்த பிள்ளை மட்டும் எப்படித் தப்பும்?

நேர்மையான தளத்தையும் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நேர்மையான தளத்திடம் முடிவுத் திகதி, நிறுவனப் பெயர், முகவரி எல்லாம் உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் பேசுகிறது. கேட்டால் பதில் சொல்லாது. விண்ணப்பம் கிடைத்ததா என்றுகூடப் பலவேளை தெரியாது. பொய்ப் பக்கத்திடம் உண்மை ஒன்றைத் தவிர எல்லாம் இருக்கிறது. அதனிடம் மொழி இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இருக்கிறது. தரகர் வெல்வது இவ்விடத்திலேதான்.

“ஆங்கிலம் தெரியாதவன் எப்படி வேலை செய்வான்? விளம்பரமே முதற் சோதனை” என்று சிலர் கூறுவர். கணக்காளருக்கும் வரவேற்பாளருக்கும் அது பொருந்தலாம். வெல்டிங் செய்பவரும் பாரந்தூக்கி இயக்குபவரும் களஞ்சியத்தில் மூடை எண்ணுபவரும் விடுதியில் சமைப்பவரும் வேலை செய்யும் மொழி ஆங்கிலமா? நம் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ் பேசுவோர். ஏனையோர் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். எந்த மொழியில் வேலை நடக்குமோ அந்த மொழியில் அழைப்பதே முறை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது தனியார் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் நியாயம் சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

தேடுவோருக்குச் சில வழிகள்

1. ஒரே தளத்தை நம்பாதீர்கள். உள்ளூர்ச் சிறு வேலைக்கு இக்மன். நகரத்து அலுவலக வேலைக்கு டொப்ஜொப்ஸ் போன்றவை. அரச வேலைக்கு வர்த்தமானி. வெளிநாட்டுக்குப் பணியகத்தின் தளம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் பாருங்கள்.

2. விளம்பரத்தில் கண்ட நிறுவனத்தின் பெயரைத் தனியே தேடி, அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அலுவலகத் தொலைபேசியிலோ உறுதிசெய்யுங்கள். விளம்பரத்தில் உள்ள இலக்கத்துக்கே திரும்ப அழைத்துக் கேட்பது விசாரணை ஆகாது.

3. வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி விபரம் ஆகியவற்றை முதல் விண்ணப்பத்தோடு அனுப்பத் தேவையில்லை. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள்.

4. வெளிநாடாயின் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தின் பட்டியலில் பாருங்கள். அல்லது 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ‘சுற்றுலா விசாவில் போ, பிறகு மாற்றலாம்’ என்பவரின் கூற்றுக்குச் செவிகொடாதீர்கள். வயதை, பெயரை, மதத்தை மாற்றச் சொல்பவர் உங்கள் உயிரையே பணயம் வைக்கிறார் என்று அறியுங்கள்.

5. தச்சர், மேசன், வெல்டர், மின்னிணைப்பாளர் போன்றோர் என்.வி.கியூ. சான்றிதழ் பெறுங்கள். தொழிலைப் பட்டறையில் பழகியவர்கள் மீண்டும் வகுப்பில் இருந்து படிக்க வேண்டியதில்லை. முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. கை அறிந்த தொழிலுக்கு ஒரு காகிதம் சேர்ந்தால், தரகர் இல்லாமலே வாசலில் போய்க் கேட்கலாம்.

யார் என்ன செய்யலாம்?

தேடுபவருக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்துவிடுவது நியாயமன்று. துறைமுகத்தைச் சூழவுள்ள தொழில் வழங்குநர்களிடமும் விடுதி உரிமையாளர்களிடமும், இனி வரப்போகும் எரிசக்தித் திட்டங்களை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். வெற்றிடங்களைத் தளத்தில் போடுங்கள். அதே நாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களுக்கும் அனுப்புங்கள். ஒப்பந்தகாரர் மூலம் ஆள் எடுத்தாலும் இதையே அவர்களுக்கு நிபந்தனையாக்குங்கள். பதினொரு கடிதங்களின் செலவு உங்களுக்குப் பெரிதன்று. நிலமும் கடலும் கொடுத்த ஊருக்கு வேலைச் செய்தியாவது முதலில் வந்து சேர வேண்டும்.

பிரதேச செயலகங்களில் தொழில் வழிகாட்டலுக்கென உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். அவர்கள் தம் மேசையில் பிள்ளைகள் வரும்வரை காத்திராமல், மாதம் ஒருமுறையாவது கிராமத்துக்குப் போனால், தரகர் போகும் வீட்டுக்கு அவருக்கு முன்பே போனவர்களாவர்.

எஞ்சியது நம் எல்லோருடைய வேலை. ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் விகாரையிலும் அறிவிப்புப் பலகைகள் உண்டு. மரண அறிவித்தலும் திருவிழா அறிவித்தலும் ஒட்டும் அப்பலகையில் வேலை அறிவித்தலையும் ஒட்டலாம். கிராமத்து நூலகத்திலோ மாதர் சங்கக் கட்டடத்திலோ வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசை போடுவோம். ஆங்கிலம் தெரிந்த ஓர் ஆசிரியர், ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞர், வளாகத்தில் படிக்கும் ஒரு மாணவி என மூவர் இருந்தாற் போதும். தளங்களில் வந்தவற்றை வாசித்துத் தமிழில் விளக்கட்டும். சுயவிபரக் கோவை எழுத உதவட்டும். முகவரின் அனுமதிப்பத்திரத்தைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கட்டும். எவரிடமும் ஒரு சதமும் வாங்கலாகாது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பொய் விளம்பரம் பிடிபட்டது என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், ஆறு மாதத்தில் நம் மாவட்டத்துக்கு எந்தத் தளம் நல்லது என்ற கேள்விக்கு நம் சொந்த விடை கிடைத்துவிடும்.

தரகரை ஏசுவதால் அவர் போய்விட மாட்டார். அவர் செய்யும் வேலையைக் காசு வாங்காமலும் பொய் சொல்லாமலும் செய்ய நான்கு பேர் முன்வந்தால், அவருக்கு அந்த ஊரில் வேலை இராது. எந்தக் கிராமம் இதை முதலில் தொடங்கப் போகிறது?